பட்டும் பசியும் (14): ஓட்டில்லாத முதல்வர்

போன வாரம் உங்களைக் காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் ஒரு தறிக்குழி ஓரமாக உட்காரவைத்துவிட்டுப் போனேன். அந்த நெசவாளி கேட்ட கேள்வி நினைவிருக்கும்.

"விடிஞ்சா தறி, பொழுது சாஞ்சா தறி. ஊருக்கெல்லாம் முகூர்த்தப் புடவை நெய்யறேன். என் வீட்டு அடுப்பு மட்டும் ஏன் எரியல?"

வாரம் முழுக்க இந்தக் கேள்வி உங்களை உறுத்தியிருந்தால் நல்லது. 1952-ல் இந்தக் கேள்விக்கு மூன்று பேர் மூன்று பதில்களைக் கையில் வைத்திருந்தார்கள். ஒருவர் சிறையிலிருந்து வந்தவர். ஒருவர் கவர்னர் ஜெனரல் நாற்காலியில் அமர்ந்துவிட்டு வந்தவர். மூன்றாமவர் இதே காஞ்சிபுரத்துக்காரர்.

இந்த மோதல் தொடங்கிய இடம் காஞ்சி அல்ல. சென்னை, அரசினர் தோட்டம். புதிதாகக் கட்டிய சட்டமன்ற மண்டபம்.

அங்கே போவோம், வாருங்கள்.

ஜூலை 3. 375 பேருக்காகக் கட்டிய அவை. சபாநாயகர் நாற்காலியில் ஜே. சிவசண்முகம் பிள்ளை. முதல்வர் இருக்கையில் 73 வயதுப் பெரியவர். கதர் வேட்டி, கறுப்புக் கண்ணாடி. முகத்தில் எதையும் படிக்க முடியாது.

ராஜாஜி.

அவர் ஆட்சி நிற்குமா, கவிழுமா என்று முடிவு செய்ய அன்றைக்கு வாக்கெடுப்பு. உள்ளே கூட்டிக் கழித்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். யார் இந்தப் பக்கம், யார் அந்தப் பக்கம்?

அந்த வாக்கெடுப்பில் ராஜாஜிக்கு ஓட்டு இல்லை.

சரியாகத்தான் படித்தீர்கள். யாருடைய தலைக்கு மேல் கத்தி தொங்குகிறதோ, அவருக்கு அங்கே கை தூக்க உரிமை கிடையாது. அவர் தேர்தலில் நிற்கவே இல்லை. ஆளுநர் ஸ்ரீபிரகாசா அவரை மேலவைக்கு நியமித்தார். மேலவைக்காரர் முதல்வராக இருக்கலாம், பேரவையில் வந்து பேசலாம், பதில் சொல்லலாம். அங்கே வாக்களிக்க மட்டும் முடியாது.

இப்படி ஒரு நிலை ஏன் வந்தது?

தேர்தல் கணக்கைப் பாருங்கள். காங்கிரசுக்கு 152. பெரும்பான்மைக்கு வேண்டியது 188. அடுத்த பெரிய கட்சி கம்யூனிஸ்ட், 62 இடம். பெரும்பகுதி ஆந்திரப் பக்கத்தில் வந்தவை. ஆனாலும் 62 என்பது 62தான். அண்மைக்காலம்வரை வேட்டையாடப்பட்ட கட்சி அது. சேலம் சிறையில் 1950 பிப்ரவரியில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 22 கைதிகள் செத்து விழுந்த ரத்தம் இன்னும் காயவில்லை. அப்படிப்பட்ட கட்சி, ஆந்திரத்து டி. பிரகாசம் தலைமையில் மற்ற எதிர்க்கட்சிகளையும் சேர்த்துக்கொண்டு, ஆட்சி அமைக்க எங்களைக் கூப்பிடுங்கள் என்று நின்றது.

கேரளத்தில் ஓட்டுப் பெட்டி வழியாகச் செங்கொடி கோட்டைக்குள் போனது 1957-ல். அதற்கு ஐந்து வருடம் முன்பே சென்னையில் அந்தக் கொடிக்கு ஆட்சியில் பங்கு கிடைத்திருக்கும்.

கிடைக்கவிடாமல் தடுக்கத்தான் பாஸ்லுல்லா ரோடு வீட்டிலிருந்து பெரியவரை அழைத்து வந்தார்கள். காமராஜருக்கு முழு மனசில்லை. டில்லியில் நேருவுக்கு இந்தப் புழக்கடை வழி பிடிக்கவில்லை. ஆனாலும் ஏப்ரல் 10-ல் பதவிப் பிரமாணம் நடந்துவிட்டது.

எனக்கு இதில் ஒளிவுமறைவு இல்லை. அந்த நியமனம் தவறு. மக்கள் போட்ட ஓட்டுக்குப் பெரியவர்கள் போட்ட பூட்டு அது.

ராஜாஜியின் மனசைப் புரிந்துகொள்ளாமல் அவரைக் கடந்துவிடவும் கூடாது. பதவி ஆசைக்கு வந்தவர் இல்லை. பார்க்க வேண்டிய பதவி எல்லாம் பார்த்து முடித்தவர். அவருக்குள் இருந்தது பயம். தெலங்கானாவில் துப்பாக்கி கீழே வைக்கப்பட்டு ஒரு வருடம்கூட ஆகவில்லை. கம்யூனிசம் வந்தால் மனிதனின் மனசாட்சியும் அவனுக்கென்று உள்ள காணி நிலமும் போய்விடும், எல்லாம் சர்க்காராகிவிடும் என்று அவர் மனதார நம்பினார். அந்த நாட்களில் அதே அவையில் கம்யூனிஸ்டுகளைப் பார்த்து அவர் சொன்ன வார்த்தை இன்றுவரை நிற்கிறது. நான் உங்கள் முதல் எதிரி. நீங்கள் என் முதல் எதிரி.

எதிரே உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் பி. ராமமூர்த்தி. மதுரை வடக்கில் சிறையில் இருந்தபடியே வென்றவர். ராஜாஜியின் நியமனம் செல்லாது என்று உயர் நீதிமன்றப் படியேறியவரும் அவரே. வழக்கு தள்ளுபடி ஆனது. நீதிமன்றத்தில் முடியாததை அவையில் முடிக்க வேண்டும். அதற்கு அவருக்குக் கிடைத்த நாள் இன்று.

நேரம் நெருங்குகிறது.

இப்போது வட தமிழ்நாட்டுக் கணக்குக்கு வருகிறேன். இங்கேதான் காஞ்சிபுரம் உள்ளே நுழைகிறது.

அந்தத் தேர்தலில் தி.மு.க. போட்டியிடவில்லை. திராவிட நாட்டுக் கொள்கைக்குக் கையெழுத்துப் போட்டுத் தந்தால் ஆதரிக்கிறோம் என்றார் அண்ணா. வட ஆர்க்காடு, செங்கல்பட்டுப் பக்கத்தில் மாணிக்கவேலு நாயக்கரின் காமன்வீல் கட்சி 6 இடம் வென்றது. தென் ஆர்க்காட்டை மையமாகக் கொண்டு ராமசாமிப் படையாச்சியாரின் உழைப்பாளர் கட்சி 19 இடம் வென்றது. இரண்டும் காங்கிரசை எதிர்த்து மேடை மேடையாகப் பேசி, தி.மு.க. தொண்டர்களின் உழைப்பையும் வாங்கிக்கொண்டு ஜெயித்தவை. அன்றைய காஞ்சிபுரம் செங்கல்பட்டு மாவட்டத்தில்தான் இருந்தது என்பதையும் மனதில் வையுங்கள்.

மாணிக்கவேலு நாயக்கர் என்ன ஆனார்?

ராஜாஜி மந்திரிசபையில் மந்திரி ஆனார்.

படையாச்சியார் கட்சி வெளியிலிருந்து கை கொடுத்தது. ஜூன் மாதம் ராஜாஜி உணவு தானியக் கட்டுப்பாட்டைத் தூக்கி எறிந்தார். ரேஷன் வரிசையில் நின்று வெறுத்துப்போயிருந்த ஜனங்கள் மூச்சுவிட்டார்கள். எந்தப் பக்கம் சாய்வது என்று மதில்மேல் நின்ற பல சுயேச்சைகளும் அந்த மூச்சைக் கேட்டார்கள்.

வாக்கெடுப்பு.

ஆதரவாக 200.

எதிராக 151.

தன் ஓட்டுகூட இல்லாமல் பெரியவர் ஜெயித்துவிட்டார்.

அடுத்த வண்டியில் காஞ்சிக்குத் திரும்புவோம். நம் நெசவாளி இன்னும் தறிக்குழியில்தான் இருக்கிறார். அவருக்கு இந்த 200-ம் 151-ம் என்ன சொல்கின்றன?

அவர் மடிமேல் இருப்பதைக் கொஞ்சம் கிட்டே வந்து பாருங்கள். பட்டு நூல் அவருடையது இல்லை. முதலாளி கொடுத்தது. ஜரிகை சூரத்திலிருந்து வந்தது. அதுவும் முதலாளி கொடுத்தது. கொடுக்கும்போது எடை போட்டுக் கொடுப்பார்கள். புடவையாகத் திரும்பும்போது எடை போட்டு வாங்குவார்கள். குறைந்தால் கூலியில் பிடிப்பு. 'காஞ்சிவரம்' படத்தில் பிரகாஷ்ராஜ் மகள் கல்யாணத்துக்காகப் பட்டு நூலை வாயில் அடக்கிக்கொண்டு வருவாரே, நீங்கள் பார்த்திருப்பீர்கள். அது கற்பனைக் கதை. அந்தத் தராசு கற்பனை இல்லை.

பிறகு முன்பணம். பெண் கல்யாணம், பிரசவம், சாவு என்று எதற்குக் கை நீட்டினாலும் முதலாளிதான். வாங்கிய கடன் தீரும்வரை வேறு ஆளுக்கு நெய்ய முடியாது. ஐப்பசி மழையில் குழிக்குள் ஈரம் ஏறித் தறி நின்றுவிட்டால் கூலியும் நிற்கும், கடன் மட்டும் வளரும்.

செங்கொடிக்காரர்கள் இதைத்தான் சுட்டிக்காட்டினார்கள். கை உன்னுடையது, வித்தை உன்னுடையது. நூல் அவனுடையது என்பதால் புடவையும் லாபமும் அவனுடையதாகிறது. நூல் யார் கையில் என்பதுதான் கேள்வி என்றார்கள். மார்க்ஸ் மான்செஸ்டர் மில்லைப் பார்த்து எழுதியது பிள்ளையார்பாளையத்துத் திண்ணைக்கும் பொருந்தியது. என்னைக் கேட்டால், அடுப்பு ஏன் எரியவில்லை என்ற கேள்விக்கு இதைவிட நேரான பதிலை அன்றைக்கு வேறு யாரும் சொல்லவில்லை.

நேரான பதில்தான். ஆனால் தெருவில் அது சிக்கிக்கொண்டது.

ஏனென்றால் அந்த முதலாளி தூரத்துக் கோட்டைக்குள் இருப்பவர் இல்லை. பல வீடுகளில் அவர் பக்கத்துத் தெரு. சொந்த சாதி. மாமன் முறை, மச்சான் முறை. அவருடைய தாத்தாவும் குழியில் உட்கார்ந்து நெய்தவராக இருப்பார். விடியற்காலையில் தெருவில் பாவு நீட்டும்போது அவரும் வந்து ஒரு கை பிடிப்பார். நெசவாளி வீட்டுக் கல்யாணத்தில் முதல் மொய் அவருடையது. காமாட்சியம்மன் கோயில் தேரில் வடம் பிடிக்கும்போது இரண்டு பேரும் ஒரே வரிசை.

இப்படிப்பட்டவரைப் பார்த்து "வர்க்க எதிரி" என்று எப்படிக் கத்துவது? நாக்கு எழாது. எழுந்தாலும் அடுத்த பாவுக்கு நூல் வராது.

இந்த முடிச்சைக் கண்கூடாகப் பார்த்து வளர்ந்தவர் ஒருவர் இருந்தார். சின்னக் காஞ்சிபுரத்தில், நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். 'திராவிட நாடு' இதழைக் காஞ்சியிலிருந்தே நடத்தியவர்.

அண்ணா.

சமதர்மம் என்ற சொல் அவர் பேச்சில் எப்போதும் உண்டு. முதலாளித்துவத்தை அவர் கண்டித்த மாதிரி கதையிலும் நாடகத்திலும் கண்டித்தவர்கள் குறைவு. ஆனால் அவர் விரல் வேறு பக்கம் நீண்டது. 'பணத்தோட்டம்' எழுதியவர் அவர். நூல் எங்கிருந்து வருகிறது, மில் யாருடையது, வட்டிக்கடை யாருடையது, பாங்கு யாருடையது என்று வரிசையாகக் கேட்டு, பணம் வடக்கே குவிகிறது, தெற்கு தேய்கிறது என்று முடித்தார். தெருவில் இருக்கும் முதலாளியைவிட வடக்கே இருக்கும் பெருமுதலாளி நெசவாளிக்குச் சட்டென்று புரிந்தார். அவரைத் திட்டினால் மொய் நிற்காது, பாவும் நிற்காது.

கம்யூனிஸ்டுகள் விடவில்லை. வடக்கத்தி முதலாளி போய்த் தமிழ் முதலாளி வந்து உட்கார்ந்தால் கூலி கூடிவிடுமா என்று கேட்டார்கள். கோயம்புத்தூரிலும் மதுரையிலும் மில் நடத்துகிறவர் எந்த வடக்கிலிருந்து வந்தார்?

நல்ல கேள்வி. அண்ணாவின் கட்சியில் அதற்கு முழுசான பதில் அன்றைக்கு இல்லை. அண்ணாவிடம் இருந்த ஒன்று கம்யூனிஸ்டுகளிடமும் இல்லை. ஊர் நாக்கு. நெசவாளி எந்த வார்த்தைக்குத் தலையாட்டுவார், எந்த வார்த்தைக்குத் தலை குனிவார் என்று அவருக்குத் தெரியும்.

ஆக, இரண்டு பதில் ஆயிற்று. மூன்றாவது?

மூன்றாவது பதில் வந்த திசையை யாரும் எதிர்பார்க்கவில்லை.

அந்த வருடம் முடிவதற்குள் தமிழ்நாட்டுத் தறிகள் ஓயத் தொடங்கின. காஞ்சியைச் சுற்றிய கிராமங்களில் இருந்ததுபோல நாடு முழுக்க லட்சக்கணக்கில் பருத்தித் தறிகள். மில் வேட்டி மலிவு, மில் சேலை மலிவு. கைத்தறி மூட்டை மூட்டையாகத் தேங்கியது. நெசவாளர் ஊர்களில் கஞ்சித் தொட்டி திறந்தார்கள். நேற்றுவரை நாலு பேருக்குச் சோறு போட்டவர் கையில் குவளையோடு வரிசையில் நின்றார். குடும்பம் குடும்பமாகப் பிழைப்புத் தேடிக் கிளம்பினார்கள்.

அப்போது டில்லியைப் பார்த்து ஒரு குரல் எழுந்தது. வேட்டியும் சேலையும் கைத்தறிக்கே! மில்கள் இந்த இரண்டையும் நெய்யக் கூடாது! சட்டம் போடுங்கள்!

யாருடைய குரல்?

ராமமூர்த்தி குரலா? அவர் தோழர் ஜீவா குரலா?

ராஜாஜியின் குரல்.

கம்யூனிஸ்டுகளின் முதல் எதிரி, தனியார் சொத்தின் காவலர், மில் முதலாளிகளின் கையை மறித்து நின்றார். மத்திய வர்த்தக, தொழில் மந்திரி டி.டி. கிருஷ்ணமாச்சாரி. அவரும் தமிழர். மில்காரர்கள் கொதித்தார்கள். டில்லி முழுசாக இறங்கி வரவில்லை. மில்கள் அதுவரை நெய்த வேட்டியில் 60 சதவீதம் மட்டுமே நெய்யலாம் என்று டிசம்பரில் கட்டுப்பாடு வந்தது. அடுத்த வருடம் மில் துணிக்குக் கஜத்துக்கு 3 பை வரி போட்டு, அந்தப் பணத்தைக் கதருக்கும் கைத்தறிக்கும் ஒதுக்கினார்கள். சேலை தப்பவில்லை. மில் சேலை தொடர்ந்து வந்தது.

ஏன் செய்தார் ராஜாஜி?

காந்தியின் ராட்டை வழி வந்தவர், கைத்தொழில்மேல் பாசம் உண்மையானது. அது ஒரு காரணம். இன்னொன்று என் கணிப்பு. அவையில் 151 கைகளை எண்ணிப் பார்த்தவர் அவர். பசித்த நெசவாளி நாளைக்கு எந்தக் கொடியைப் பிடிப்பான் என்று அவருக்குத் தெரியாதா? கம்யூனிசத்தைத் தடுக்கப் போலீஸ் போதாது, தறி ஓட வேண்டும் என்பது அவருக்கு விளங்கியிருந்தது. சேலம் சிறையில் சுட்டவர்களுக்கு விளங்காதது அது.

நியமனத்தில் அவரைக் கண்டித்தேன். இந்தக் கோரிக்கையில் அவர் பக்கம் நிற்கிறேன். முழுசாக நிறைவேறியிருந்தால் எத்தனையோ ஊர்களில் தறிச்சத்தம் இன்றும் கேட்கும்.

அப்படியானால் காஞ்சி நெசவாளி இனி ராஜாஜியின் ஆளா?

அங்கேதான் அண்ணா குறுக்கே வந்தார்.

1953 தொடக்கம். திருச்சித் தெரு. கைத்தறித் துணி மூட்டைகள் வந்து இறங்குகின்றன. தேங்கிக் கிடந்த சரக்கு. தி.மு.க. தொண்டர்கள் ஊர் ஊராகத் தெருவில் இறங்கி விற்கத் தீர்மானித்த நேரம். அண்ணா வந்து நிற்கிறார். அரைத் தூக்கம் ஏறிய அந்தக் கண்கள், வெற்றிலைச் சிவப்பேறிய வாய். சுற்றிலும் கூட்டம். பேசப் போகிறார் என்று எல்லாரும் காது கொடுக்கிறார்கள்.

பேசவில்லை.

குனிந்தார். துணியை எடுத்துத் தோளில் போட்டார். விற்கப் புறப்பட்டார்.

டில்லிக்கு எழுதிய கடிதமும், அவையில் பேசிய பேச்சும், சங்கத்தில் எழுப்பிய கோஷமும் செய்யாத வேலையை அந்தத் தோள் செய்யப் போகிறது. நெசவாளி அதை மறக்கப் போவதில்லை. கோட்டையில் இருந்தவரோ அடுத்த சில மாதத்தில் ஒரு பள்ளிக்கூடத் திட்டத்தில் கையெழுத்துப் போடப் போகிறார். பிள்ளைகள் பாதி நேரம் பள்ளியில் படிக்கட்டும், மீதி நேரம் வீட்டில் அப்பன் தொழிலைக் கற்கட்டும் என்ற திட்டம். தறியைக் காப்பாற்ற நீண்ட அதே கை, நெசவாளி மகனைத் தறியோடு கட்டவும் நீளும்போது என்ன நடந்தது? கறுப்புக் கொடிக்காரர், சிவப்புக் கொடிக்காரர், கறுப்பு சிவப்புக் கொடிக்காரர் எல்லாரும் ஒரே ஆளை எதிர்த்து எப்படித் திரும்பினார்கள்?

அடுத்த வாரம் திருச்சித் தெருவிலிருந்தே தொடங்குகிறேன்.

அதற்குள் ஒரு வேலை செய்யுங்கள். வீட்டில் பழைய காஞ்சிப் பட்டு இருந்தால் பீரோவிலிருந்து எடுங்கள். உடலும் கரையும் சேரும் கோர்வையை விரலால் தடவிப் பாருங்கள். மூன்று நாடா ஓடிய இடம் அது. ஒரு பக்கம் நெசவாளி இருந்து நெய்தார். எதிர்ப் பக்கம் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளிக் கொடுத்தது பெரும்பாலும் ஒரு சிறு பிள்ளை.